கருணையா, கடனா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்து மணி அடித்து ஓய்ந்த பிறகு, என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தாயார் என்னைக் காண வந்தார். பையன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். அவன் தகப்பனார் போலீஸ் கான்ஸ்டபிளாயிருந்தவர். பையன் எட்டாவது படிக்கையில், இரவுக் காவலில் நின்றிருந்த அவர் மீது லாரி மோதி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

"இவனை இன்னும் மூன்று வருஷம் எப்படியாவது ஒப்பேற்றிவிட்டால் போதும், ஐயா. பதினெட்டு வயது ஆனதும் அப்பா வேலையை இவனுக்குக் கொடுத்துவிடுவார்களாம்" என்றார் அந்த அம்மாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டு விதிப்படி, மரணம் நேர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். மனுச் செய்பவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். தகப்பனார் போய் இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. பையன் மீசை அரும்பும் வரையில் காத்திருந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். இதை அந்த அம்மாளுக்கு எவரும் சொல்லவில்லை.

'வாரிசு வேலை' என்று ஜனங்கள் வழங்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி நம்மவரிடையே உள்ள தவறான அபிப்பிராயம் கொஞ்சநஞ்சமல்ல. தகப்பன் வீட்டைப் பிள்ளை அடைவதுபோல் தகப்பன் நாற்காலியையும் அடையலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஸர்க்கார் உத்தியோகம் எல்லாப் பிரஜைகளுக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 14, 16 ஆகிய ஷரத்துக்களின் கருத்து. கருணை நியமனம் அதற்கு ஒரு விதிவிலக்கு மட்டுமே என்று 1994-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் திட்டமாகக் கூறிவிட்டது. சம்பாதித்தவர் திடீரென்று மறைந்ததனால் நேரும் நெருக்கடியைக் குடும்பம் கடக்க வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். வேலையும் குமாஸ்தா, பியூன் தரத்துக்கு மேல் கிடையாது. மத்திய ஸர்க்காரிலோ, 'சி' பிரிவில் நேரடியாக நிரப்பும் காலியிடங்களில் 5 சதவீதமே இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்துப் பேர் நிற்கும் வரிசையில் யாருடைய துன்பம் பெரிது என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். துன்பத்துக்கு மதிப்பெண் போடுவது, பரீட்சைத் தாள் திருத்தியே காலந்தள்ளும் எனக்குக்கூடச் சற்றுச் சங்கடமாயிருக்கிறது.

சிறுபிள்ளைகளின் கதிதான் இதில் மிகவும் பரிதாபமானது. ஹரியானாவில் 1997-ஆம் ஆண்டு ஒரு கான்ஸ்டபிள் கடமையில் இருக்கும்போது மாண்டார். மகனுக்கு வயது 7. தாயார் தாம் வேலை கேட்காமல், மகன் பெயரைக் குறித்து வைக்கும்படி மனுச் செய்துகொண்டார். 2008-இல் பையன் வயது வந்து போய்க் கேட்டபோது, 'மூன்று ஆண்டு கடந்துவிட்டது' என்று பதில் கிடைத்தது. வழக்கு நடந்து நடந்து 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. வேலை இல்லை என்பதே தீர்ப்பு. பதினோரு ஆண்டுகள் குடும்பம் பிழைத்துவிட்டபடியால் நெருக்கடி தீர்ந்துவிட்டது என்பது அதன் சாரம். தாயார் விரும்பினால் மொத்தத் தொகையாக ஒரு நிவாரணம் கேட்டு மனுச் செய்யலாம் என்று மட்டும் வழி காட்டினார்கள்.

தர்க்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. என் வகுப்பிலேயே நெசவாளி மகன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் தகப்பன் இல்லை. நாளைக்கு அவனும் பரீட்சை எழுதித்தான் குமாஸ்தா வேலைக்குப் போகவேண்டும். அவனுக்கு உரிய இடத்தை எடுத்து இவனுக்குக் கொடு என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

ஆயினும், வியாதியாய்ப் படுத்து இறந்த உத்தியோகஸ்தரையும், தேசத்தின் காவலில் நின்று உயிர் விட்டவரையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் என் மனத்துக்கு ஒப்பவில்லை. 1959 அக்டோபர் 21-ந் தேதி லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சீனத் துருப்புக்களால் பத்து போலீஸார் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேதியை ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கொண்டாடுகிறோம். டில்லி சாணக்கியபுரியில் 2018-இல் தேசிய நினைவுச் சின்னம் திறந்து, கடமையில் மாண்ட 34,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்தும் வைத்திருக்கிறோம். கல்லில் பெயர் வெட்ட மூன்று வருஷக் கெடு உண்டா? முன்னது கருணை, ஒப்புக்கொள்கிறேன், பின்னது கடன். கடனை வேலையாகத்தான் தீர்க்கவேண்டும் என்பதில்லை. போரில் மாண்ட சிப்பாய்களின் குழந்தைகளுக்கு மத்திய ஸர்க்கார் படிப்புச் செலவு கொடுத்துவருகிறது. 2017-இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று வரம்பு கட்டியபோது எழுந்த கண்டனத்தினால், மறு ஆண்டே வரம்பை நீக்கிவிட்டார்கள். காவலரின் பிள்ளைக்கும் காலேஜ் முடியும் வரையில் அதுபோல் நிச்சயமான ஏற்பாடு ஒன்று இருக்குமானால், பதினெட்டு வயதில் குமாஸ்தா நாற்காலிக்காக அவன் படிப்பை விடவேண்டியதில்லை.

மனுவைப் பரிசீலனையில் வைத்திருப்பதற்கு இருந்த மூன்றாண்டு எல்லையை மத்திய ஸர்க்கார் 2012-இல் எடுத்துவிட்டது. மணமான மகளை ஒதுக்கிய விதியைக் கர்நாடக ஹைகோர்ட் 2020-இல் தள்ளிற்று. இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்ற காரணத்தால் மட்டும் விலக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல் சொல்லிற்று. விதிகள் இளகக்கூடியவைதாம்.

அன்று அந்த அம்மாளைக் கேட்டேன்: "நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்?"

"பத்தாவது பாஸ், ஐயா. ஆனால் நான் எங்கே ஆபீஸுக்கு..."

"மனுவை உங்கள் பெயரிலேயே போடுங்கள். பையன் படிக்கட்டும்."

மரணச் சான்று இருந்தது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கவேண்டும். மாமியாரிடமிருந்து ஆட்சேபணையில்லை என்று கடிதம் வேண்டும். அதுதான் சிரமம் என்றார். அடுத்த சனிக்கிழமை நானும் உடன் சென்று அந்தக் கிழவியிடம் பேசினேன். அவள் வெகுநேரம் மகனுடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைநாட்டு வைத்தாள். கெடுவுக்கு நான்கு மாதம் மீதியிருக்க, மனு போய்ச் சேர்ந்துவிட்டது. ரசீதைப் பையன் தன் கணக்கு நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான்.