நில அதிர்வும் தற்காப்பு முறைகளும் – கீழப்பாவூர், தென்காசி வட்டாரம்

நிலத்தின் அடியில் உள்ள பாறைகளில் நீண்ட காலமாகச் சேர்ந்த இறுக்கம் திடீரென விடுபடும்போது நிலம் அதிர்கிறது. இதுவே நிலநடுக்கம் அல்லது பூகம்பம் எனப்படும். உயிர்ச்சேதம் பெரும்பாலும் நிலம் ஆடுவதால் மட்டும் நேர்வதில்லை. ஆட்டம் தாங்காத சுவரும் கூரையும் மனிதர் மேல் விழுவதாலேயே நேர்கிறது. ஆகவே அந்தச் சில விநாடிகளில் எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம் என்பது முக்கியமானது. தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த கீழப்பாவூர் பேரூராட்சியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

2024 செப்டம்பர் 22

அன்று ஞாயிற்றுக்கிழமை. நண்பகலை ஒட்டி அம்பாசமுத்திரம், பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பகுதிகளிலும், கீழப்பாவூரை அடுத்துள்ள கடையம் பகுதியிலும் நிலம் இலேசாக அதிர்ந்ததாக மக்கள் கூறினர். பலர் வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் நின்றனர். ஆனால் தேசிய நில அதிர்வு மையத்தின் பதிவுகளில் அந்த நேரத்தில் அப்பகுதியில் நிலநடுக்கம் எதுவும் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் தெரிவித்தது. சேதமும் இல்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. இந்த வட்டாரத்தில் நிலநடுக்கம் வருமா? வந்தால் தெருவுக்கு ஓடுவதுதான் சரியா?

இங்கு வருமா?

இந்தியத் தர நிர்ணயம் 2002-இல் திருத்தப்பட்டபோது நாட்டை 2 முதல் 5 வரை நான்கு நில அதிர்வு மண்டலங்களாகப் பிரித்தது. எண் கூடக் கூட ஆபத்து கூடும். தமிழ்நாட்டின் பகுதிகள் 2, 3 ஆகிய மண்டலங்களில் அமைந்தன. மலைக்கு அப்பால் உள்ள கேரளம் முழுவதும் 3-ஆம் மண்டலம். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரின் ஊடாக அச்சன்கோவில் பிளவு மண்டலம் என்னும் மிகப் பழைய பாறைத் தொடர்வு செல்கிறது.

அண்டை நிகழ்வுகள் சில:

1900 பிப்ரவரி 8 – கோயம்புத்தூர்ப் பகுதியில் ரிக்டர் அளவில் சுமார் 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது.
2000 டிசம்பர் 12 – கேரளத்தின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் சுமார் 5. அடுத்த மாதமே அங்கு மீண்டும் ஓர் அதிர்வு.
2001 செப்டம்பர் 25 – புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5-க்கு மேல். சென்னையிலும் உணரப்பட்டது.

ஆகவே இங்கு ஆபத்து குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மகாராட்டிரத்தின் இலாத்தூர்ப் பகுதி ஒரு காலத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள 1-ஆம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, 6.2 அளவு நிலநடுக்கம் வந்தது. 7,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த வீடுகளில் பல, மண் சாந்தில் கல் அடுக்கிய தடித்த சுவரும், மரச்சட்டத்தின் மேல் கனமான மண் கூரையும் கொண்டவை.

அதிர்வை உணர்தல்

நிலநடுக்கத்தில் முதலில் வருவது முதன்மை அலை. பாறையில் இது விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் பாயும். பாத்திரங்கள் கலகலக்கும், கனமான லாரி கடந்துபோனது போன்ற உறுமல் கேட்கும். அடுத்து வருவது இரண்டாம் அலை. விநாடிக்குச் சுமார் 3.5 கி.மீ. வேகமே உடையது, ஆனால் பக்கவாட்டில் பலமாக ஆட்டும். சுவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் இதுவே.

இரண்டிற்கும் இடைப்பட்ட ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவு என்று கணக்கிடலாம். ஈராற்றுப்பேட்டை தென்காசியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 100 கி.மீ. அங்கு தோன்றும் அதிர்வின் முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையே இங்கு 12 விநாடி கிடைக்கும். பக்கத்திலேயே தோன்றினால் ஓரிரு விநாடிகூடக் கிடைக்காது. எனவே என்ன செய்வது என்பதை முன்பே மனத்தில் பதித்திருக்க வேண்டும்.

கல் குவாரி வெடி, கனரக வாகனம் ஆகியவையும் நிலத்தை அதிரச் செய்யும். ஐயம் இருந்தால் தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நிலநடுக்கம் இன்ன நாளில், இன்ன மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எங்கும் இல்லை. அப்படி வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

முடுக்குக்குள் ஓடலாமா?

2001 சனவரி 26 குடியரசு நாள். குசராத்தின் அஞ்சார் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்தபோது பூஜ் நிலநடுக்கம் தாக்கியது. அவர்கள் சென்றது குறுகிய தெரு. இருபுறமும் இருந்த கட்டடங்கள் அவர்கள் மேல் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்தனர். அவர்கள் நினைவாக அந்நகரில் நினைவிடம் ஒன்று உள்ளது.

வெளியே இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. திறந்தவெளியில் இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம். நம் ஊர்களில் பழைய தெருக்களை இணைக்கும் முடுக்குகள் இரண்டு ஆள் அகலமே உடையவை. இருபுறச் சுவர்களும் உயரமானவை. அதிர்வின்போது அதனுள் ஓடுவது வீட்டுக்குள் இருப்பதைவிட ஆபத்தாகலாம்.

அதிர்வின்போது செய்ய வேண்டியவை

1. கான்கிரீட் வீடு, பள்ளி, அலுவலகம்: ஓட வேண்டாம். குனிந்து, உறுதியான மேசையின் கீழ் மறைந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். மேசை இல்லையெனில் உட்சுவர் ஓரம் குனிந்து தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணாடி, பீரோ, பரண் ஆகியவற்றை விட்டு விலக வேண்டும்.

2. மண் சுவர் அல்லது மண் சாந்துக் கல் சுவர் கொண்ட ஓட்டு வீடு: வாசல் இரண்டு மூன்று அடி தொலைவில் இருந்து, வெளியே முற்றமோ களமோ இருந்தால் உடனே வெளியேறலாம். வெளியே முடுக்குதான் என்றால் கனமான கட்டிலின் கீழோ மேசையின் கீழோ புகுவதே மேல்.

3. படுக்கையில்: தலையணையால் தலையை மூடி அங்கேயே இருக்க வேண்டும்.

4. வெளியில்: கட்டடம், மதில், மின்கம்பி, மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

5. வண்டியில்: பாலத்தின் மேலோ மரத்தடியிலோ அல்லாமல் ஓரமாக நிறுத்தி உள்ளேயே இருக்க வேண்டும். குற்றால மலையடிவாரத்தில் இருப்போர் பாறை உருளக்கூடிய சரிவைவிட்டு விலக வேண்டும்.

6. திருச்செந்தூர், கன்னியாகுமரி போன்ற கடற்கரையில்: பலமான அல்லது நெடுநேர அதிர்வை உணர்ந்தால், அது நின்றதும் மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று அதிகாலை அதிர்வு சென்னையில் உணரப்பட்டது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த நேரம் பயன்படுத்தப்படாமல் போயிற்று.

அதிர்வு நின்ற பின்

அடுப்பை அணைத்து, எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடி, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பின்னதிர்வுகள் வரக்கூடும் என்பதால், விரிசல் விழுந்த வீட்டுக்குள் பொருள் எடுக்கத் திரும்பக் கூடாது. இடிபாட்டில் சிக்கியவர் தீக்குச்சி கொளுத்தாமல், துணியால் வாயை மூடி, குழாயிலோ சுவரிலோ விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். கத்துவது தூசியை உள்ளிழுக்கச் செய்யும். அது கடைசி வழியாக இருக்கட்டும்.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

முன்பே செய்யக்கூடியவை

புதிதாக வீடு கட்டுவோர் அடித்தளம், லிண்டல், கூரை ஆகிய மட்டங்களில் சுவர் முழுவதும் சுற்றிவரும் கான்கிரீட் பெல்ட் அமைக்க வேண்டும். சன்னலுக்கு மேல் மட்டும் துண்டு லிண்டல் போடுவது போதாது. கல் சுவரில் இருபக்கமும் எட்டும் நீளக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும்.

பழைய வீட்டில் இருப்போர் பரணில் உள்ள அண்டா, அம்மி போன்ற கனத்த பொருள்களைக் கீழே இறக்கிவிடலாம். பீரோவைச் சுவரோடு பிணைக்கலாம். பீடி சுற்றும் பெண்கள் பகல் முழுதும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவர்கள். அந்த இடம் விரிசல் கண்ட சுவரின் ஓரமாக இல்லாதபடி பார்த்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு. பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறையாவது குனிதல், மறைதல், பற்றுதல் ஒத்திகை நடத்தலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்வதால் அது தெரு முழுவதும் பரவும். அதிர்ந்த பின் குடும்பத்தார் கூடவேண்டிய களத்தையோ மைதானத்தையோ இன்றே முடிவு செய்து வைப்பது நல்லது.