கண்ணுக்குள் அவிந்த முட்டை

"எனக்குக் கத்தி வேண்டாம், சொட்டு மருந்து தந்தால் போதும்." கண்ணில் புரை விழுந்த தாய்மார் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படிச் சொல்லியே வருடக்கணக்கில் காலத்தைக் கடத்துகிறார்கள். ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் நிலை வந்த பின்பும் பயம் விடுவதில்லை. புரையை மருந்தால் கரைக்க முடியாதா? நியாயமான கேள்விதான்.

முட்டையின் வெள்ளைக்கருவைப் பாருங்கள். பச்சையாக இருக்கும்போது கண்ணாடி போலிருக்கும். அவித்தால் வெளுத்துவிடும். அதிலுள்ள புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று சிக்குப்படுவதே காரணம். நமது கண் வில்லையின் புரதங்களும் வயது, நீரிழிவு, புகைத்தல், கடும் வெயில் என்பவற்றால் மெல்ல மெல்ல இப்படித் திரள்கின்றன. அதுவே புரை.

உடம்பின் மற்றைய கலங்களில் இந்தச் சிக்கெடுக்க ஆள் உண்டு. சப்பரோன்கள் எனப்படும் துணைப் புரதங்களே அவை. பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டில் வளையம் போன்ற ஒரு சப்பரோன் இருக்கிறது. சிக்குண்ட புரதத்தைப் பிடித்து, ஊசிக்காதில் நூல் கோர்ப்பதுபோலத் தன் துளையினூடாக இழுத்துவிடும். மனிதரிடம் அந்த வளையம் இல்லை. வேறு மூன்று வகைச் சப்பரோன்கள் கூட்டாகச் சேர்ந்து இழை பிரிக்கின்றன.

வில்லையின் கதை வேறு. அங்கே காவல் நிற்பது அல்பா கிரிஸ்டலின். அதுவும் ஒரு சப்பரோன் என்பதை 1992 இல் ஜோசப் ஹோர்விட்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். குலையும் புரதத்தை அது தாங்கிப் பிடிக்கும். திரண்டுபோனதைப் பிரிக்க அதனால் முடியாது. அதைவிடப் பெரிய சங்கடம், வில்லையின் நடுப்பகுதிக் கலங்களில் கருவே இல்லை. புதுப் புரதம் செய்ய வழியில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது செய்து வைத்ததையே எழுபது வயதிலும் பாவிக்கிறோம்! கையிருப்பு முடிந்தால் முடிந்ததுதான்.

2015 இல் லனோஸ்டெரோல் என்ற பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்ததாகச் செய்தி வந்தது. சத்திரசிகிச்சையில் எடுத்த மனிதப் புரைகளை அதில் ஊறவைத்துப் பார்த்தபோது தெளியவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளில் நீரிழிவுப் புரையைத் தாமதப்படுத்தியது உண்மை. அது உணவில் கொடுத்தது, கண்ணில் விட்டதல்ல. மஞ்சள் தண்ணீர், தேன், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விட்டுவிடாதீர்கள்.

கத்தி என்று பயப்படும் அந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, ஓரத்தில் சிறு துளையிட்டு, மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். அநேகமாக அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலையில் காட்டலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி கட்டுப்பட்ட பிறகே நாள் குறிப்பார்கள். போகும்போது அம்மாவின் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.