முகத்து எலும்புகள் முறிந்தால்: ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

விபத்தில் முகம் கடுமையாக அடிபட்டவரின் சி.டி. ஸ்கேன் அறிக்கையைப் படித்த குடும்பத்தினர் எங்களிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை இடங்களில் உடைந்திருக்கிறதே டாக்டர், ஏன் இன்றே அறுவை சிகிச்சை செய்யவில்லை?" அது நியாயமான கேள்வி.

முகத்தில் 14 எலும்புகள் உள்ளன. சாதாரண எக்ஸ்ரேயில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவதால் முறிவுகள் மறைந்துவிடக்கூடும். சி.டி. ஸ்கேன் முகத்தைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதனினும் மெல்லிய அடுக்குகளாகக் காட்டுகிறது. அதில் எலும்பு வெண்மையாகவும் காற்று கருமையாகவும் தெரியும். காற்று நிறைந்திருக்க வேண்டிய கன்னத்து உட்குழி சாம்பல் நிறமாக இருந்தால், அங்கே இரத்தம் தேங்கியிருக்கலாம் எனக் கருதி அருகில் முறிவைத் தேடுவோம்.

அறிக்கையில் 'லெ ஃபோர்' என்ற சொல்லைக் காணலாம். மேல்தாடைப் பகுதி முறியும் மூன்று முக்கியத் தடங்களை 1901-இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோரின் பெயர் அது. முதல் வகையில் பல்வரிசையைத் தாங்கும் பகுதி பெயர்கிறது. இரண்டாவதில் மூக்கும் சேர்ந்து பெயர்கிறது. மூன்றாவதில் கன்ன எலும்புகள் உட்பட முகமே மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து விலகுகிறது.

குடும்பத்தினரை மிகவும் அச்சுறுத்துவது முப்பரிமாணப் படமே. கண்குழியின் சுவர்கள் மிக மெல்லியவை. அவை முறியாதிருந்தும் அப்படத்தில் ஓட்டைபோல் தோன்றக்கூடும். எனவே மெல்லிய அடுக்குப் படங்களையும் ஆராய்ந்த பின்னரே முடிவு செய்கிறோம்.

இனி, காத்திருப்பு. மூச்சுப்பாதை, இரத்தப்போக்கு, மூளை, கழுத்தெலும்பு, கண் ஆகியவற்றைக் காப்பதே முதற்பணி. பின்னர் வீக்கம் வடிவதற்குப் பெரும்பாலும் சில நாள்கள் தேவைப்படும். வீங்கிய முகத்தில் எலும்புகளைச் சரியான இடத்தில் பொருத்துவது கடினம். ஆகவே இந்தக் காத்திருப்பு அலட்சியமன்று. விதிவிலக்கும் உண்டு: முறிவில் கண் தசை சிக்கிக்கொண்டால் விரைந்து செயற்பட வேண்டும். குழந்தைகளில் கண் வெளிப்பார்வைக்கு இயல்பாக இருக்கும். ஸ்கேனிலும் மாற்றம் சிறிதாகவே தெரியலாம். கண்ணை மேலே உயர்த்த இயலாமையும் வாந்தியுமே அதை உணர்த்தும்.

ஸ்கேன் சொல்லாதவற்றை நீங்கள்தாம் சொல்ல வேண்டும். பார்வை மங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பற்கள் முன்போல் பொருந்தாமை, கன்னம் மரத்துப்போதல், மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். அந்த நீர் மூளையைச் சூழ்ந்த திரவமாக இருக்கக்கூடும். நோயாளி மூக்கைச் சிந்தக் கூடாது.

பற்கள் தெரியச் சிரிக்கும் பழைய புகைப்படம் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். ஸ்கேன் காட்டுவது உடைந்த முகத்தை. நாங்கள் மீட்க வேண்டியது அந்தப் புகைப்படத்தில் உள்ள முகத்தை.