58 சதவீதத்துக்கு வெளியே

2025 மார்ச் 21 அன்று அமெரிக்க ரெசிடென்சி மேட்ச், அதாவது மருத்துவர்களை மருத்துவமனைப் பயிற்சி இடங்களோடு கணிப்பொறி வழியே பொருத்தும் முறை, தன் முடிவை வெளியிட்டது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்த மருத்துவர்கள் 11,465 பேர் களத்தில் இருந்தார்கள். 6,653 பேருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது. அதாவது 58 சதவீதம். ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்து அமெரிக்க உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த எண்ணைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். "பாதிக்கு மேல கிடைக்குதாம்ல" என்று தைரியமாகக் கடன் வாங்குகிறார்கள்.

அந்த 11,465 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இது விண்ணப்பித்தவர்களின் தொகை அல்ல. கடைசியில் மருத்துவமனைகளை விருப்ப வரிசையில் அடுக்கி ரேங்க் பட்டியல் கொடுத்தவர்களின் தொகை. எல்லாப் பிரிவினரையும் சேர்த்து அந்த ஆண்டு மேட்சில் பதிவு செய்தவர்கள் 52,498 பேர். பட்டியல் கொடுத்தவர்கள் 47,208 பேர். நடுவில் 5,290 பேரைக் காணவில்லை. எல்லோரும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் என்று சொல்ல மாட்டேன். வேறு வழி பார்த்துக்கொண்டு விலகியவர்களும் உண்டு. ஆனால் இன்டர்வியூ அழைப்பு ஒன்றுகூட வராதவருக்கு வரிசைப்படுத்த மருத்துவமனையே இல்லை. அவர் பட்டியல் கொடுப்பதில்லை. தோற்றவர் கணக்கிலும் சேர்வதில்லை. செலவு மட்டும் அவருடையது.

அந்தச் செலவைக் கூட்டிப் பார்ப்போம். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே இரண்டையும் இந்தியாவில் இருந்தே எழுதலாம். வெளிநாட்டு மையத்துக்கான கூடுதல் கட்டணம் உட்பட ஒவ்வொன்றும் சுமார் 1,200 டாலர். பாஸ் ஆகிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. ஓஇடி ஆங்கிலத் தேர்வு 450 டாலர் அளவில் வரும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குக் கட்டாயமான இசிஎஃப்எம்ஜி சான்றிதழுக்கான விண்ணப்பமும் பாத்வே கட்டணமும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும். இதுவரை ஏறக்குறைய 3,900 டாலர். இன்னும் ஒரு மருத்துவமனைக்குக்கூட விண்ணப்பம் போகவில்லை.

விண்ணப்பம் போவது ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக. 2025 மேட்சுக்கான பருவத்தில் ஒரு துறைக்குள் முதல் 30 மருத்துவமனைகளுக்குத் தலா 11 டாலர், 31-வதிலிருந்து தலா 30 டாலர். அமெரிக்கக் கல்லூரி மாணவர் சிலர் முதல் அடுக்கிலேயே நிறுத்திக்கொள்ள முடியும். நம்மவர்கள் நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று போடுகிறார்கள். 150 மருத்துவமனைகளுக்குக் கணக்குப் போட்டால் முதல் முப்பதுக்கு 330, மீதி 120-க்கு 3,600, மொத்தம் 3,930 டாலர். மதிப்பெண் பட்டியல் அனுப்பும் கட்டணமும் ஈராஸில் நுழைய வாங்கும் டோக்கனும் இருநூறைத் தாண்டும். மேட்சில் பதிவு செய்ய 70 டாலர். எல்லாம் கூட்டினால் 8,100 டாலர் பக்கம். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் ஏழு லட்சத்துக்குச் சற்றே குறைவு.

இதில் அமெரிக்க அனுபவம் சேரவில்லை. அமெரிக்க மருத்துவர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க அப்சர்வர்ஷிப் வேண்டும். மாதத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கும் இடங்கள் உண்டு. நோயாளியைத் தொடக்கூடாது, ஓரமாக நின்று பார்க்கலாம். அதற்கு விமான டிக்கெட், அறை வாடகை, 185 டாலர் விசா கட்டணம் தனி. 2020-க்குப் பிறகு இன்டர்வியூக்கள் பெரும்பாலும் காணொளிக்கு மாறியதால் ஊர் ஊராகப் பறக்கும் செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் பறக்க வேண்டாம் என்றதும் நல்ல மதிப்பெண்காரர்கள் வந்த அழைப்பு எதையும் விடுவதில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சும் அழைப்பு குறைகிறது.

மேட்ச் கணிப்பொறி மீது எனக்குக் குறையில்லை. 1998 மேட்சிலிருந்து ஓடும் ராத்-பெரான்சன் முறை, விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. பட்டியலில் உள்ளவரின் பாஸ்போர்ட்டை அது பார்ப்பதில்லை. ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்ததில் இந்தப் பணிக்கும் பங்குண்டு. வடிகட்டல் நடப்பது அந்தக் கணிப்பொறி ஓடுவதற்கு ஐந்து மாதம் முன்பு, செப்டம்பர் கடைசியில். முப்பது இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் அலுவலகத்தில் விசா வேண்டுமா, படித்து முடித்து எத்தனை வருடம், ஸ்டெப் 2 எவ்வளவு என்று மூன்று சல்லடை போட்டால் குவியல் கையடக்கமாகிவிடும். 2022 ஜனவரியில் ஸ்டெப் 1 வெறும் பாஸ்-ஃபெயில் ஆனபோது, பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வந்தவர் தன்னைக் காட்டிக்கொள்ள வைத்திருந்த பெரிய எண் ஒன்று போயிற்று. பாரம் முழுக்க ஸ்டெப் 2 தலையில் ஏறியது.

விதி மாறினால் சதவீதம் எப்படி ஆடும் என்பதற்கு 2013 நல்ல உதாரணம். அதற்கு முன் வெளிநாட்டுப் பட்டதாரியை மேட்சுக்கு வெளியிலேயே, நவம்பரிலோ டிசம்பரிலோ, ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்ளலாம், பிரீ-மேட்ச் என்பார்கள். 2013-ல் 'ஆல் இன்' விதி வந்தது. ஒரு மருத்துவமனைத் திட்டம் தன் இடங்கள் எல்லாவற்றையும் மேட்சில் வைக்க வேண்டும், அல்லது ஒன்றையும் வைக்கக் கூடாது. ஒரே ஆண்டில் மேட்ச் இடங்கள் 2,399 கூடி 29,171 ஆயின. குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளின் வெற்றி 40.6 சதவீதத்திலிருந்து 47.6-க்குத் தாவியது. இது வாசல் திறந்ததன் பலன் என்று நம்பினால் ஏமாறுவோம். முன்பு கணக்குக்கு வெளியே கொடுத்த இடங்களில் கணிசமானவை இப்போது கணக்குக்குள் வந்தன. ஆனால் இழந்தது ஒன்று உண்டு: டிசம்பரிலேயே வேலை உறுதியானவருக்கு விசாவுக்கு ஆறு மாதம் இருந்தது.

2025-ல் முடிவு வந்த மார்ச் 21-க்கும் ரெசிடென்சி தொடங்கும் ஜூலை 1-க்கும் இடையில் 102 நாள்தான். அதில் மே 27 முதல் ஜூன் 18 வரை, ரெசிடென்ட்கள் பலர் போகும் ஜே-1 உள்ளிட்ட விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்தின. 102-ல் 22 நாள் அப்படிப் போயிற்று.

அதே ஆண்டில் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்கள் 93.5, ஆஸ்டியோபதி (டி.ஓ.) மாணவர்கள் 92.6, கரீபியன் தீவுகள் போன்ற இடங்களில் படித்துவந்த அமெரிக்கக் குடிமக்கள் 67.8 சதவீதம் பேர் இடம் பெற்றார்கள். கடைசி எண்தான் கவனிக்கத்தக்கது. அவர்களும் வெளிநாட்டில் படித்தவர்களே, ஆனால் விசா தேவையில்லை. நம்மவர்களின் 58-க்கும் இதற்கும் உள்ள ஏறக்குறைய பத்துப் புள்ளி வித்தியாசம் முழுவதையும் விசாவின் மேல் போட முடியாது. பெரும்பகுதி அதுவே என்பது என் கணிப்பு.

இடங்கள் ஏன் வேகமாகப் பெருகவில்லை என்றால், ரெசிடென்ட்டுக்காக மருத்துவமனைகளுக்கு அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுக்கும் பணத்தை 1997-ல் ஒரு சட்டம் 1996-ன் எண்ணிக்கையில் கட்டிவைத்தது. அதற்குப் பின் கூடிய இடங்களில் பலவற்றைத் தாங்கள் செலவு செய்தே மருத்துவமனைகள் உருவாக்கின. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஆயிரம் இடம் தந்தது, ஆண்டுக்கு 200 வீதம். 2025-ல் மேட்சில் இருந்த மொத்த இடம் 43,237. அதில் 200 அரை சதவீதம்கூட இல்லை.

இடம் கிடைத்தவருக்கும் கணக்கு முடிவதில்லை. ஜே-1-ல் போனால் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். தப்பிக்கப் பெரும்பாலோர் நாடுவது கான்ராட் 30: மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு வேலை, மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர். மருத்துவர் நெருக்கமுள்ள மாநிலமானாலும் ஆளில்லா மாநிலமானாலும் அதே முப்பதுதான். எச்-1பி வேலை விசாவில் போக ஸ்டெப் 3-ஐ முன்கூட்டியே முடிக்க வேண்டும், அதை அமெரிக்க மண்ணில்தான் எழுத முடியும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. முதலாண்டு ரெசிடென்ட்டின் ஆண்டுச் சம்பளமே 65 ஆயிரம் டாலர் அளவில்தான்.

ஆகவே பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஃப்ரீடா தளத்தில் ஒவ்வொரு திட்டத்தின் விவரமும் கிடைக்கிறது. எந்த விசா ஏற்கிறார்கள், பட்டம் வாங்கி எத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை அங்கும் அந்தந்த மருத்துவமனையின் பக்கத்திலும் பார்த்துவிடலாம். 150 பெயரில் சல்லடையிலேயே நம்மைத் தள்ளிவிடும் 40 பெயரை முதலிலேயே அடித்துவிட்டால், தலா 30 டாலர் வீதம் 1,200 டாலர், ஒரு லட்சத்து இரண்டாயிரம் ரூபாய் கையில் நிற்கும்.