உங்களுக்குத் தெரியுமா? நெம்பினால் வளையும் வெட்ஜ்
ஜப்பானிய கோல்ஃப் மட்டைகளின் விவரத்தில் ‘எஸ்20சி’, ‘எஸ்25சி’ என்று ஏதோ பஸ் நம்பர் மாதிரி போட்டிருக்கும். தலைப்பகுதி எந்த எஃகு என்பதற்கான குறி அது. நடுவிலுள்ள எண் கார்பன் அளவு: 20 என்றால் சுமார் 0.20 சதவீதம், 25 என்றால் 0.25.

கார்பன் குறைவு, அதனால் எஃகு மென்மை. காய்ச்சி அடித்துச் செய்த, முகச்சாய்வு 56 டிகிரி உள்ள வெட்ஜைக் (பந்தை உயரத் தூக்கி அடிக்கும் மட்டை) கவ்வியில் இறுக்கி, நெம்பி, சாய்வை 55 ஆக்கிவிடலாம். கூடவே, மட்டை மணலில் புதையாமல் காக்கும் அடிப்பாகத்தின் ‘பவுன்ஸ்’ கோணமும் ஒரு டிகிரி குறையும். இதை மறந்துவிட்டு, மணல்குழியில் மட்டை புதைகிறதே என்று புலம்புபவர்கள் உண்டு!

வெட்ஜ் உள்ளிட்ட ஜப்பானிய ‘அயர்ன்’ மட்டைகளின் பிறந்தகமாகச் சொல்லப்படுவது ஹியோகோ மாகாணத்தின் இச்சிகாவா. ஆனால் எஃகின் மென்மைக்கு ஒரு விலையும் உண்டு: மட்டையின் தலை கல்லில் ஒருமுறை பட்டால் போதும், விளிம்பில் தழும்பு விழுந்துவிடும்.