கிடாருக்குள் இரைவது யார்? தெரியுமா?

கிடார் வாசிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சத்தம் எது தெரியுமா? சுரம் சுத்தமாகத்தான் விழும். கூடவே 'கிர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும். அதை விரட்டத்தான் இத்தனை பாடு. ஆனால் தென்காசி, நெல்லைச் சீமையில் அதை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்! கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்களே? வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் அத்தனையும் ஜல்ஜல்லென்று நடுங்கும். கிடார் பழுதுபார்ப்பவர் கையில் அந்த வில் கிடைத்தால் முதல் வேலையாக மணிகளைத்தான் கழற்றுவார்! அந்த மணிச்சத்தத்தோடுதான் நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2021-இல் பத்மஸ்ரீ வரை போனார்.

தம்புராவில் இன்னும் வேடிக்கை. தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலைச் செருகி மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். சரியான இடம் வந்ததும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். இதில் இயற்பியலே தடுமாறியது தெரியுமா? தந்தியில் ஒரு மேற்சுரம் அசையாமல் நிற்கும் புள்ளியிலேயே மீட்டினால், அந்த மேற்சுரம் கேட்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அது கணீரென்று கேட்கிறது என்று 1921-இல் எழுதியவர் நம்ம சி.வி. ராமன்! காரணம், குதிரையின் வளைந்த மேற்பரப்பு.

கிடார்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒலிப்பதிவுக் கருவி பழுதாகி கிடார் கரகரத்தது. அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் பெடல் 1962-இல் கடைக்கே வந்துவிட்டது!

சரி, வேண்டாத இரைச்சலை எப்படிப் பிடிப்பது? முதலில், குற்றவாளி கிடாருக்கு வெளியேகூட இருக்கலாம் தெரியுமா? ஐந்தாவது கம்பியைச் சும்மா மீட்டினால் விநாடிக்கு 110 அதிர்வு. அதற்கென்றே ஆடத் துடிக்கும் ஜன்னல் கண்ணாடியோ எவர்சில்வர் டம்ளரோ அறையில் இருந்தால் அதுதான் இரையும். பழி கிடார்மேல் விழும். மொட்டை மாடிக்குப் போய் அதே சுரத்தை மீட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

அங்கேயும் இரைகிறதா? வெறுங்கம்பியில் மட்டும் என்றால், தலைமாட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஆழமாகியிருக்கும். ஒரே கட்டத்தில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த பிரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, தூக்கியிருக்கும். எந்தக் கம்பியில் பிடித்தாலும் ஒரே சுரத்துக்குத்தான் என்றால், கம்பி நிரபராதி! ஏதோ ஓர் உதிரி தளர்ந்திருக்கிறது. ஒருவர் அந்தச் சுரத்தையே மீட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் டியூனிங் கீயின் மரை, வெட்டாமல் விட்ட கம்பி நுனி, உள்ளே தொங்கும் பேட்டரி ஒயர் என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்த வேண்டும். எதைத் தொட்டதும் சத்தம் சட்டென்று அடங்குகிறதோ, அதுதான் ஆள்.

கிடாரின் கழுத்து ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கக் கூடாது, தெரியுமா? கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் அளவுக்கு நடுவில் குழிந்திருந்தால்தான், அதிரும் கம்பி பிரெட்டில் தட்டாது.

இதில் குற்றாலச் சாரலுக்கும் பங்கு உண்டு! ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று வந்து அடிக்கும்போது மரம் ஈரம் குடித்து உப்பும். மேல்பலகை எழும்ப, கம்பியும் உயரும். அழுத்த விரல் வலிக்குமே தவிர, இரைச்சல் குறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் மரம் காய்ந்து பலகை அமுங்க, கம்பி பிரெட்டை உரசத் தொடங்கும். சீசனில் கம்பி உயரமாயிருக்கிறதே என்று, அதைத் தாங்கும் சேடிலைத் தேய்த்துத் தாழ்த்தியவர்களுக்கு வெயில் காலத்தில் இரட்டைத் தண்டனை! தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்து, கிடாரைப் பெட்டிக்குள்ளேயே பூட்டிவையுங்கள். அதோடு, ஸ்பானரை எடுக்கும் முன் உங்கள் சட்டைப் பொத்தானையும் ஒரு தடவை பாருங்கள். கிடாரின் முதுகில் உரசிச் சத்தம் போடுவது அதுவாகவும் இருக்கலாம்.