'செக்யூலர்'னா உருதுல என்ன?

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் கேள்வி அனுப்பியிருந்தாங்க: உருது பேசுறவங்க இங்கிலீஷ் கத்துக்கும்போது எங்க மாட்டிப்பாங்க? நானும் முதல்ல கிராமர்னுதான் நினைச்சேன். அதைவிட அர்த்தம்தான் அதிகமா படுத்துது.

முதல்ல ஒரு ஈஸியான உதாரணம். 'யெஸ்டர்டே', 'டுமாரோ' ரெண்டுக்குமே உருதுல 'கல்'தான். (நம்ம ஊர் கல் இல்லைங்க.) 'கல் ஆயா தா'ன்னா நேத்து வந்தான், 'கல் ஆயேகா'ன்னா நாளைக்கு வருவான். நேத்தா நாளைக்கான்னு வினைச்சொல்லே சொல்லிடும். டிக்‌ஷனரி எழுதுறவர் என்ன பண்ணுவார்? 'குஸிஷ்தா கல்', அதாவது போன கல்; 'ஆனே வாலா கல்', வரப்போற கல். முன்னாடி ஒரு ஒட்டு போட்டா வேலை முடிஞ்சது.

'செக்யூலர்' அப்படி முடியுற சொல் இல்லை. 'செக்யூலரிசம்'ங்கிற சொல்லை 1851-ல உருவாக்கினவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக்னு ஒரு ஆங்கிலேயர். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்தச் சொல்லை மத எதிர்ப்புக்காக அவர் உருவாக்கலை. மதம் அது பாட்டுக்கு இருக்கட்டும், இந்த உலக வாழ்க்கையை அறிவை வச்சு நடத்துவோம், அவ்வளவுதான்.

உருதுல இதுக்கு ரொம்ப காலமா புழங்குற சொல் 'லாதீனி'. 'லா'ன்னா இல்லை, 'தீன்'னா மதம், நம்பிக்கை, வாழும் நெறி எல்லாமே. ஆக, கேக்குறவங்க காதுல 'நெறி இல்லாதவன்'னுதான் விழும். பாகிஸ்தான்ல ஒருத்தர் 'அரசு செக்யூலரா இருக்கணும்'னு வாதம் பண்ண வந்தா, 'நான் மதத்தை ஒழிக்கச் சொல்லலை'ன்னு முதல்ல விளக்கிட்டுத்தான் விஷயத்துக்கே வர முடியும். பாதி விவாதம் அங்கேயே போயிடுது. சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அப்பவே ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டார்னுதான் எனக்குத் தோணுது.

இந்தியாவுல கதை வேற. 1976-ல 42-வது திருத்தம் மூலமா அரசியல் சாசன முகப்புரையில இந்தச் சொல் ஏறுச்சு. இந்தி வடிவத்துல 'பந்த் நிர்பேக்ஷ்', அதாவது எந்தச் சமயப் பிரிவையும் சாராதது. நம்ம 'மதச்சார்பின்மை'யும் கிட்டத்தட்ட அதேதான்: மதம் இல்லைன்னு சொல்லலை, சாயலைன்னு சொல்லுது. இங்க இருக்கிற உருது பத்திரிகைகள் மொழிபெயர்க்காம 'செக்யூலர்'னே உருது எழுத்துல போடுறாங்க. சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். ஆனா 'லாதீனி'யைவிட இது நேர்மையானதுன்னு நான் சொல்வேன்.

உருது மீடியத்துல படிச்ச ஒரு பையனுக்கு நான் சொல்லிக்கொடுக்கணும்னா ஒத்தைச் சொல்லே தர மாட்டேன். 'ரேஷன் கார்டு தரும்போது நீ எந்தச் சாமியைக் கும்பிடுறன்னு கேக்காத அரசு'ன்னு உருதுல ஒரு வாக்கியமா சொல்லிடுவேன்.